ஒரே ஹெச்.பி. என்றாலும் ஒரு பம்பு ஏன் கொட்டுகிறது, இன்னொன்று ஏன் உயரம் ஏற்றுகிறது?

உங்களிடம் இரண்டு பம்புகள் இருக்கின்றன, இரண்டிலும் 1 ஹெச்.பி. என்றுதான் போட்டிருக்கிறது. ஒன்று கீழ்த் தொட்டியை மளமளவென்று நிரப்புகிறது, ஆனால் மேலே ஏற்ற முடியவில்லை. மற்றது நல்ல உயரத்துக்கு ஏற்றுகிறது, ஆனால் தண்ணீர் கொஞ்சமாகத்தான் வருகிறது. பம்புகளில் எத்தனை வகை, எது எப்படி வேலை செய்கிறது, எதை எதற்கு வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். வகைகளை வரிசையாகச் சொல்லிவிட்டுப் போகலாம், ஆனால் அதனால் உங்கள் சந்தேகம் தீராது. நீங்கள் உண்மையில் கேட்பது, மோட்டாருக்குள் போகும் அதே சக்தி வெளியே வரும்போது ஏன் வேறு வேறு வேலையாக மாறுகிறது என்பதைத்தான். இயந்திரப் பொறியியல் படித்து, பம்புகளைத் தேர்ந்தெடுப்பதிலும் பழுது பார்ப்பதிலும் பல ஆண்டுகள் இருந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் கணக்கு. ஒரு நொடிக்கு 1 லிட்டர் தண்ணீரை 10 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற 98 வாட் வேண்டும். அதே 98 வாட்டில் அரை லிட்டரை 20 மீட்டருக்கு ஏற்றலாம், அல்லது 2 லிட்டரை 5 மீட்டருக்கு ஏற்றலாம். ஒரு ஹெச்.பி. என்பது 746 வாட். ஆக, ஹெச்.பி. சொல்வது அளவையும் உயரத்தையும் பெருக்கி வரும் விடையை மட்டுமே. அந்த விடை எந்த இரண்டு எண்களாகப் பிரிகிறது என்பதைப் பம்பின் உள்ளமைப்பு தீர்மானிக்கிறது. அதனால் பார்க்க வேண்டியவை ஹெட் என்கிற உயரமும் டிஸ்சார்ஜ் என்கிற அளவும். இங்கே எல்லோரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. அட்டையில் ‘அதிகபட்ச ஹெட் 30 மீட்டர், அதிகபட்ச டிஸ்சார்ஜ் நிமிடத்துக்கு 60 லிட்டர்’ என்று போட்டிருந்தால், இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்காது. அந்த முழு உயரத்தில் வரும் தண்ணீர் பூஜ்யம். அந்த முழு அளவு வருவது உயரம் ஏறக்குறைய இல்லாத இடத்தில். நடுவில் என்ன கிடைக்கும் என்பதைப் பம்புடன் வரும் வளைகோட்டு வரைபடத்தில்தான் பார்க்க முடியும்.

எவ்வளவு பெயர்கள் இருந்தாலும் பெரும்பாலான பம்புகள் இரண்டு குடும்பங்களுக்குள் அடங்கிவிடும். ஒரு குடும்பம் திரவத்துக்கு வேகம் கொடுத்து, அந்த வேகத்தை அழுத்தமாக மாற்றுகிறது. மற்றது திரவத்தில் ஒரு பங்கை ஓர் அறைக்குள் அடைத்து, அப்படியே வெளியே தள்ளுகிறது. ஒரு பம்பு எந்தக் குடும்பம் என்று தெரிந்தால், வால்வை மூடினால் என்ன ஆகும், கெட்டியான எண்ணெய் வந்தால் என்ன ஆகும், காற்று புகுந்தால் என்ன ஆகும் என்பதையெல்லாம் பெரும்பாலும் முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

முதல் குடும்பத்தின் தலைமகன் சென்ட்ரிஃப்யூகல் பம்பு. மோட்டாரும் பம்பும் ஒரே உடலாக வரும் மோனோபிளாக், நீர்மூழ்கி மோட்டார், தீயணைப்பு பம்பு, வாஷிங் மெஷினின் வடிகால் பம்பு எல்லாம் இதே இனம். கேசிங் என்கிற வெளிக்கூட்டைத் திறந்தால் உள்ளே இம்பெல்லர் என்கிற சுழலும் சக்கரம் இருக்கும். நடுவில் கண் மாதிரி ஒரு துளை, அதிலிருந்து பின்பக்கமாக வளைந்து விளிம்பு வரை போகும் தகடுகள். தண்ணீர் கண் வழியாக நுழைந்து, தகடுகளுக்கு நடுவே வெளிப்பக்கம் ஓடி, விளிம்பைவிட்டு அதிவேகமாகப் பாய்கிறது. அதைச் சுற்றியுள்ள கேசிங்கை உற்றுப் பாருங்கள்: ஓரிடத்தில் ஒடுக்கமாகத் தொடங்கி, சுற்றிக்கொண்டே போகப்போக அகலமாகும். அந்த அகலத்தில்தான் தண்ணீரின் வேகம் குறைந்து, அழுத்தம் கூடுகிறது. தகடுகள் வளைந்திருப்பது அழகுக்காக இல்லை. 1851-ல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சியில் ஜான் அப்போல்ட் தன் வளைந்த தகடு கொண்ட பம்பைக் காட்டினார். நேரான தகடுகளைவிட அது ஏறக்குறைய மூன்று மடங்கு திறனுள்ளது என்பது அங்கே நடந்த சோதனைகளில் தெரிந்தது. இன்றைக்கும் அதே வளைவுதான்.

இப்போது உங்கள் இரண்டு பம்புகளுக்கு வருவோம். இம்பெல்லர் விளிம்பின் வேகம்தான் ஹெட்டைத் தருகிறது, அதுவும் இருமடி விகிதத்தில்: வேகம் இரண்டு மடங்கானால் ஹெட் நான்கு மடங்கு. நிமிடத்துக்கு 2,900 சுற்று சுழலும் 125 மி.மீ. விட்டமுள்ள இம்பெல்லரின் விளிம்பு நொடிக்கு சுமார் 19 மீட்டர் வேகத்தில் ஓடும். அது தண்ணீரை ஏறத்தாழ 18 முதல் 20 மீட்டர் வரை தூக்கிப் பிடிக்கும். அதே வேகத்தில் 200 மி.மீ. இம்பெல்லர் என்றால் 45 மீட்டரைத் தாண்டும். தண்ணீரின் அளவைத் தருவதோ தகடுகளுக்கு நடுவே உள்ள வழியின் அகலம். ஆகவே விட்டம் சிறிது, வழி அகலம் என்றால் நிறையக் கொட்டும், ஏறாது. விட்டம் பெரிது, வழி குறுகல் என்றால் ஏறும், கொஞ்சமாக வரும். இரண்டுமே ஒரே மோட்டார் சக்தியைத் தின்னலாம். இதற்கும் மேல் உயரம் வேண்டுமானால் ஒரே ஷாஃப்டில், அதாவது சுழலும் தண்டில், பல இம்பெல்லர்களை அடுக்குவார்கள். ஒன்றின் அழுத்தம் அடுத்ததன் உள்வழிக்குப் போகும். ஆழ்துளைக் கிணற்று பம்பு அவ்வளவு நீளமாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

வேகத்தைக் குறைத்தால் என்ன ஆகும் என்பதும் தெளிவான விதி. வேகத்தை 80 சதவீதமாக்கினால் அளவு 80 சதவீதம், ஹெட் 64 சதவீதம், தேவைப்படும் சக்தி ஏறக்குறைய 51 சதவீதம். அதனால்தான் வேகத்தை மாற்றும் டிரைவ் போட்டால் மின்சாரம் பாதியாகும் என்கிறார்கள். நீண்ட குழாயில் உராய்வை எதிர்த்து மட்டும் தண்ணீர் ஓடும் இடத்தில் அது உண்மை. ஆனால் தண்ணீரை உயரத்துக்கு ஏற்றுவதே முக்கிய வேலை என்றால், வேகம் ஓரளவு குறைந்ததுமே ஹெட் போதாமல் தண்ணீர் மேலே ஏறுவது நின்றுவிடும். எவ்வளவு மிச்சமாகும் என்பதை இடத்தைப் பார்க்காமல் யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது.

இந்தப் பம்பில் தண்ணீர் வெளியேறும் பக்கத்து டெலிவரி வால்வை மூடினாலும் எதுவும் வெடிக்காது. இம்பெல்லர் அதே தண்ணீரைக் கடைந்துகொண்டிருக்கும், மோட்டாரின் சுமை குறையும். பெரிய பம்புகளை வால்வை மூடிவைத்து ஓடவிட்டு, பிறகு மெல்லத் திறப்பது இதற்காகத்தான். அப்படியே விட்டுவிட்டால் தண்ணீர் சூடேறி, கசிவைத் தடுக்கும் சீல் போய்விடும், அது வேறு. ஆனால் இந்தப் பழக்கத்தை எல்லாப் பம்புக்கும் கொண்டுபோகக் கூடாது. வெள்ள நீரை வெளியேற்ற விசிறி மாதிரி இறக்கை கொண்ட ஆக்சியல் பம்பு வைப்பார்கள். சில மீட்டர் உயரத்துக்கு மட்டும், ஆனால் ஏராளமாகத் தண்ணீர் தள்ளும். அதில் வால்வை மூடினால் சுமை ஏறும். வீடுகளில் வைக்கும் சின்ன பெரிஃபெரல் பம்பும் அப்படித்தான். அதன் சக்கரத்தின் ஓரம் முழுவதும் சிறு பற்கள், தண்ணீர் அவற்றுக்குள் திரும்பத் திரும்பப் புகுந்து அழுத்தம் பெறும். அதனால் சிறிய உருவத்தில் நல்ல உயரம் கிடைக்கும். உங்களுடைய ‘ஏறும் ஆனால் கொஞ்சமாக வரும்’ பம்பு இந்த வகையாக இருக்க வாய்ப்பு அதிகம், படம் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல மாட்டேன். சக்கரத்துக்கும் கேசிங்குக்கும் நடுவே மயிரிழை இடைவெளிதான் என்பதால், மணல் கலந்த தண்ணீர் இதைச் சீக்கிரம் தின்றுவிடும்.

இன்னொரு விஷயம், களத்தில் அடிக்கடி பார்ப்பது. மூன்று ஃபேஸ் மோட்டாரில் இரண்டு வயர் மாறிவிட்டால் சென்ட்ரிஃப்யூகல் பம்பு தலைகீழாகச் சுழலும். அப்போதும் தண்ணீர் சரியான பக்கமாகவே வரும், ஆனால் அழுத்தமும் அளவும் வெகுவாகக் குறைந்துபோகும். புதிதாக வயரிங் செய்த பிறகு பம்பு ‘வீக்’ ஆகிவிட்டது என்றால், கழற்றுவதற்கு முன் சுழலும் திசையைப் பாருங்கள்.

அடுத்தது உறிஞ்சும் பக்கம். பம்பு தண்ணீரை இழுக்கிறது என்று நாம் சொல்கிறோம். உண்மையில் பம்பு தன் வாயில் அழுத்தத்தைக் குறைக்கிறது, வெளியே உள்ள காற்றுமண்டலம்தான் தண்ணீரைக் குழாய்க்குள் தள்ளுகிறது. கடல்மட்டத்தில் காற்றின் அழுத்தம் சுமார் 10.3 மீட்டர் தண்ணீரைத் தாங்கும், அதற்கு மேல் ஒரு சென்டிமீட்டர்கூட ஏறாது. 1640-களில் இத்தாலிய அறிஞர் டாரிசெல்லி பாதரசக் குழாயை வைத்து விளக்கியது இதே உண்மையைத்தான். எவ்வளவு ஹெச்.பி. போட்டாலும் இந்த எல்லையைத் தாண்ட முடியாது. இது உறுதி. நடைமுறையில் 6 அல்லது 7 மீட்டருக்கு மேல் நம்பாதீர்கள் என்பது அனுபவக் கணக்கு. குழாய் உராய்வு, வளைவுகள், குழாயின் அடிமுனையில் உள்ள ஃபுட் வால்வு எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்ளும். மலைப்பகுதியில் இன்னும் குறையும், 2,000 மீட்டர் உயரத்தில் தத்துவ எல்லையே 8 மீட்டரை ஒட்டித்தான். சுடுதண்ணீர் என்றால் இன்னும் மோசம். 80 டிகிரி வெப்பத்தில் தண்ணீரின் ஆவியழுத்தமே காற்றழுத்தத்தில் பாதியை நெருங்கிவிடும். அதனால் பாய்லருக்குத் தண்ணீர் கொடுக்கும் பம்பை எப்போதும் தொட்டிக்குக் கீழே வைப்பார்கள்.

எல்லையை நெருங்கும்போது வருவது கேவிடேஷன். இம்பெல்லர் கண்ணருகே அழுத்தம் மிகவும் இறங்கியதும், தண்ணீர் சாதாரண வெப்பத்திலேயே கொதித்து நுண்ணிய ஆவிக் குமிழிகள் ஆகும். அவை தகடு வழியே அழுத்தம் கூடிய இடத்துக்கு வந்ததும் சட்டென்று நொறுங்கும். ஒவ்வொரு நொறுங்கலும் உலோகத்தில் ஒரு சின்ன சம்மட்டி அடி. பம்புக்குள் சரளைக்கல் உருள்வது போல ஒரு சத்தம் கேட்டால், கல்லைத் தேடிக் கழற்ற வேண்டாம், உறிஞ்சும் குழாயைக் கவனியுங்கள். இப்படி ஓடிய வெண்கல இம்பெல்லரைக் கையில் எடுத்துப் பார்த்தால், தகட்டின் நுழைவாயில் ஓரத்தில் மட்டும் விரல்நுனிக்குச் சொரசொரவென்று நூற்றுக்கணக்கான குழிகள் தட்டுப்படும். மீதி இடம் புதிதுபோல வழவழப்பாகவே இருக்கும். ரசாயன அரிப்பு என்றால் எங்கும் பரவியிருக்கும். இது ஒரே இடத்தில் இருக்கும்.

காற்றுப் பிடித்தால் பம்பு ஏன் தண்ணீர் எடுப்பதில்லை என்பதும் இங்கேயே புரியும். இம்பெல்லர் எதைச் சுழற்றினாலும் அதே மீட்டர் கணக்கில்தான் ஹெட் தரும். உள்ளே இருப்பது காற்று என்றால் அது 20 மீட்டர் காற்று. காற்று தண்ணீரைவிட ஏறக்குறைய 800 மடங்கு லேசானது, ஆக அது இரண்டரை சென்டிமீட்டர் தண்ணீரைக்கூடத் தூக்காது. அதனால்தான் முதலில் தண்ணீர் ஊற்றி நிரப்புகிறோம், அது வடிந்துவிடாமல் இருக்க ஃபுட் வால்வு வைக்கிறோம். ஊற்றி ஊற்றி மறுபடி இறங்குகிறது என்றால் பெரும்பாலும் ஃபுட் வால்வில் தூசி, அல்லது உறிஞ்சும் குழாய் இணைப்பில் காற்றுக் கசிவு. அந்தக் கசிவில் தண்ணீர் சொட்டாது, காற்று உள்ளேதான் போகும், அதனால் கண்ணுக்குத் தெரியாது.

ஏழு மீட்டருக்குக் கீழே தண்ணீர் இருந்தால் வழி ஒன்றுதான்: இழுப்பதை விட்டுவிட்டுக் கீழேயிருந்து தள்ளுவது. நீர்மூழ்கி பம்பு மோட்டாரோடு தண்ணீருக்குள்ளேயே இறங்கிவிடுகிறது. மோட்டாரைச் சுற்றி ஓடும் தண்ணீர்தான் அதைக் குளிர்விக்கிறது, கிணறு வற்றியபின் ஓடினால் அதன் ஆயுள் முடிந்தது. ஜெட் பம்பு மேலே இருக்கும், இறைத்த தண்ணீரில் ஒரு பங்கைத் திரும்பக் கீழே அனுப்பி, சிறு துவாரம் வழியாகப் பாய்ச்சி, அந்த வேகத்தால் கிணற்றுத் தண்ணீரை மேலே தள்ளும். ஒரு பங்கு தண்ணீர் சுற்றிக்கொண்டே இருப்பதால் மின்சாரம் அதிகம் பிடிக்கும். கம்ப்ரசர் பம்பு இரண்டு குடும்பத்திலும் சேராது. குழாயின் அடியில் காற்றை விட்டால் உள்ளே உள்ள தண்ணீர் குமிழி கலந்து லேசாகும், வெளியே உள்ள கனமான தண்ணீர் அதை மேலே தள்ளிவிடும். கிணற்றுக்குள் அசையும் பாகம் எதுவும் இல்லை என்பதால் மணல், சேறு எதற்கும் அசராது. ஆனால் குழாயின் கணிசமான நீளம் தண்ணீரில் மூழ்கியிருக்க வேண்டும், மின்செலவும் கூடுதல்.

இரண்டாவது குடும்பத்தில் அடைத்துத் தள்ளுவதுதான் வேலை. அடிபம்பு, சைக்கிள் பம்பு, ஸ்ப்ரேயர், கார் கழுவும் ஹைபிரஷர் பம்பு, டீசல் இன்ஜெக்‌ஷன் பம்பு எல்லாம் இதில் வரும். நம் இதயமும் இதே இனம்தான்: அறை நிரம்புகிறது, வால்வு மூடுகிறது, சுருங்குகிறது, ஓய்வில் நிமிடத்துக்கு சுமார் 5 லிட்டர். பிஸ்டன் ஒரு முறை போய்வந்தால் ஒரு பங்கு திரவம் வெளியே வந்தே தீரும். எதிரே அழுத்தம் எவ்வளவு இருந்தாலும் அளவு பெரிதாகக் குறையாது. இன்றைய டீசல் இன்ஜின்களில் இந்த முறையில்தான் 2,000 பாருக்கும் மேல், அதாவது காற்றழுத்தத்தைப் போல 2,000 மடங்கு அளவுக்கு, அழுத்தம் உண்டாக்குகிறார்கள். அதே காரணத்தால், இதன் டெலிவரி வால்வை மூடிவிட்டு ஓட்டக் கூடாது. அழுத்தம் ஏறிக்கொண்டே போய்க் குழாயோ சீலோ ஷாஃப்டோ, எது பலவீனமோ அது போகும். அழுத்தம் மிஞ்சினால் தானே திறந்துகொள்ளும் ரிலீஃப் வால்வு இல்லாமல் இந்த வகைப் பம்பை யாராவது பொருத்தியிருந்தால், அதை ஓடவிடாதீர்கள். சென்ட்ரிஃப்யூகலில் பழகிய கை இங்கே செய்யும் தவறில் ஆட்களுக்கே காயம் பட்டுவிடும், அதனால் அழுத்திச் சொல்கிறேன்.

கெட்டியான திரவம் என்றாலும் இந்தக் குடும்பம்தான். எண்ணெயின் பிசுக்கு கூடக்கூட சென்ட்ரிஃப்யூகல் தளர்ந்துபோகும், கியர் பம்போ நன்றாகவே வேலை செய்யும், இடைவெளிகளில் எண்ணெய் பின்னால் கசிவது குறைவதால். கியர் பம்பைப் பற்றிப் பலருக்கும் ஒரு தவறான எண்ணம் உண்டு: இரண்டு பல்சக்கரங்களும் நடுவில் கவ்வி எண்ணெயைப் பிழிந்து தள்ளுகின்றன என்று. அப்படி இல்லை. எண்ணெய் பற்களுக்கும் கேசிங்குக்கும் நடுவே உள்ள குழிகளில் அடைபட்டு, வெளிப்பக்கமாகச் சுற்றிப் போகிறது. நடுவில் பற்கள் கவ்வுவது அது திரும்பிவராமல் தடுப்பதற்கு. கசடு, கூழ், சேறு என்றால் 1930-வாக்கில் பிரான்சில் ரெனே மொய்னோ உருவாக்கிய ஒற்றைத் திருகு பம்பு. ரப்பர் உறைக்குள் முறுக்கிய எஃகுத் தண்டு சுழன்று, அடைபட்ட அறைகளை மெல்ல முன்னால் நகர்த்தும். சில நிமிடம் உலர்ந்து ஓடினாலே ரப்பர் கருகிவிடும். டயாலிசிஸ் இயந்திரத்தில் இருப்பது உருளை பம்பு: நெகிழும் குழாயை உருளைகள் அழுத்திக்கொண்டே போகும், ரத்தம் குழாயைத் தவிர வேறு எதையும் தொடாது.

இரண்டிலும் சேராத ஒன்றைப் பற்றிச் சொல்லாமல் விட மனம் வரவில்லை: ஹைட்ராலிக் ராம். மின்சாரமும் வேண்டாம், எரிபொருளும் வேண்டாம். 1772-ல் இங்கிலாந்தின் ஜான் வைட்ஹர்ஸ்ட் கையால் இயக்கும் விதத்தில் செய்தார், 1796-ல் பலூனால் புகழ்பெற்ற ஜோசஃப் மோன்கோல்ஃபியே அதைத் தானாக இயங்க வைத்தார். ஓடையிலிருந்து சரிவாக இறங்கும் குழாயில் தண்ணீர் வேகம் பிடித்ததும் ஒரு வால்வு பட்டென்று மூடிக்கொள்ளும். ஓடிவந்த தண்ணீர் நிற்க முடியாமல் அடிக்கும் அடியில், ஒரு சிறு பங்கு இன்னொரு வால்வைத் தள்ளித் திறந்துகொண்டு மேலே ஏறும். அழுத்தம் தணிந்ததும் முதல் வால்வு தானே திறக்கும், மறுபடி அதே சுற்று, இரவும் பகலும். நிமிடத்துக்கு 60 லிட்டர் 2 மீட்டர் இறங்கி வருகிறது, 20 மீட்டர் ஏற்ற வேண்டும் என்று வையுங்கள். இழப்பே இல்லையென்றால் 6 லிட்டர் ஏறும், 60 சதவீதத் திறனில் மூன்றரை லிட்டர் சொச்சம். ஒரு நாளைக்கு 5,000 லிட்டருக்கு மேல். ஓடையும் சரிவும் இருக்கும் எந்த இடத்திலும் முதலில் இதைப் பரிசீலியுங்கள்.

இனி உங்கள் தேர்வு. உயரத்தை அளப்பது எளிது, குழாயைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். அதே அளவு தண்ணீருக்கு, குழாயின் விட்டத்தைப் பாதியாக்கினால் உராய்வு இழப்பு 32 மடங்கு ஆகும். பெரிய பம்பு வாங்குவதைவிட ஒரு அளவு பெரிய குழாய் போடுவது பல இடங்களில் மலிவான தீர்வு. அதே குழாயில் இரண்டு பம்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் இணைத்தால் தண்ணீர் இரட்டிப்பாகும் என்று நம்பாதீர்கள், உராய்வும் கூடிவிடும். உங்கள் குழாயின் நீளமும் விட்டமும் தெரியாமல் எந்தப் பம்பு என்று சொன்னால் அது ஊகம்தான். செங்குத்து உயரம், குழாயின் மொத்த நீளம், விட்டம், வளைவுகளின் எண்ணிக்கை, தண்ணீரில் மணல் உண்டா, ஒரு நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வேண்டும், இவ்வளவையும் எழுதுங்கள், கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.

அதுவரை ஒன்று மட்டும் செய்ய வேண்டாம். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று தேவையைவிட மிகப் பெரிய ஹெட் உள்ள சென்ட்ரிஃப்யூகல் பம்பை வாங்காதீர்கள். 30 மீட்டருக்கென்று செய்த பம்பை 8 மீட்டர் உயரத்தில் வைத்தால் எதிர்ப்புப் போதாமல் அது அளவுக்கு மீறித் தண்ணீரைத் தள்ளும், மோட்டார் அதிக கரண்ட் இழுக்கும், உறிஞ்சும் பக்கம் ஈடுகொடுக்க முடியாமல் கேவிடேஷன் வரும். ஏற்கெனவே அப்படி மாட்டியிருந்தால் டெலிவரி வால்வைக் கொஞ்சம் மூடி, கரண்ட் பெயர்ப்பலகையில் உள்ள அளவுக்குள் வருகிறதா என்று ஆம்மீட்டரில் பாருங்கள். நிரந்தரமாகச் சரிசெய்ய வேண்டுமென்றால் இம்பெல்லரின் விட்டத்தை லேத்தில் கொடுத்துக் குறைக்கலாம், எத்தனை மில்லிமீட்டர் என்பதை அந்தப் பம்பின் வரைபடத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.